மணியைத் திருடியவர்

கட்டில் படுக்கையறை வாசலில் சிக்கிக்கொண்டது. முன்சக்கரங்கள் இரண்டும் கூடத்துக்குள் வந்துவிட்டன. பக்கச் சட்டம் மட்டும் கதவில் இடித்துக்கொண்டு நகர மறுத்தது. நெவெங்கா பின்னாலிருந்து தள்ளினாள். எதிர்வீட்டு ஷிமே முன்னாலிருந்து இழுத்தார். கட்டிலின் மேல் மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி அவள் கணவர் ஜெலிமிர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றார் அவர். குரல் மெலிந்து போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் விழுந்தது. "படுக்கையறையிலிருந்து கூடம் வரை செல்லும் வண்டி, ஷிமேயின் தொப்பை காரணமாகச் சிறிது தாமதமாக வந்து சேரும்."

ஷிமே சிரித்த சிரிப்பில் பிடி விட்டுப்போனது. டிராம் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர் அவர். தன் வீட்டுக்குப் போய்த் திருப்புளியை எடுத்துவந்தார், கீல்களைக் கழற்றினார், கதவையே தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். கட்டில் வழுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தது.

சாயங்காலம் படம் பார்க்கத் தொலைக்காட்சியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றுதான் நெவெங்கா காலையில் சொன்னாள். அங்கே கட்டடத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் எப்படி உட்காருவார்கள் என்று ஜெலிமிர் கேட்டார். ஏழு பிள்ளைகள் எதற்கு, நாம் இரண்டு பேர் பார்த்தால் போதாதா என்றாள். அவர் வாதம் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகள் இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்றார். அவள் போய் ஷிமேயின் கதவைத் தட்டினாள்.

திங்கட்கிழமை வந்த டாக்டர் இந்த வாரம் தாண்டுவது கடினம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்று வியாழன்.

ஜெலிமிர் சாக்ரெப் ரயில் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்வதைத் தவிர அவர் குரலுக்கு வேறு வேலை இருந்ததில்லை. ஓய்வு பெற்ற மறு வருடம், கல்லூரி நாட்களில் அந்தக் குரலைக் கேட்டே ரயிலேறிய மார்த்தா என்ற பெண் அவரைத் தேடிப் பிடித்து வந்தாள். வெளிநாட்டுக் கார்ட்டூன் படங்களுக்கு உள்ளூர் மொழியில் குரல் கொடுக்கும் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அவள் நடத்திவந்தாள். அன்று தொடங்கிய பன்னிரண்டு வருடங்களில் ஜெலிமிர் இரண்டாவது போலீஸ்காரராக இருந்திருக்கிறார், பேசும் மரமாக இருந்திருக்கிறார், ஒரு தடவை கதவாகக்கூட இருந்திருக்கிறார். கதவுக்கு இரண்டே வசனம். அதற்கு ஒரு வாரம் குளியலறையைப் பூட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். கதவு என்றால் முதலில் திறக்கத் தெரிய வேண்டும் என்று நெவெங்கா வெளியே நின்று கத்துவாள்.

பிப்ரவரியில் நோய் என்னவென்று தெரிந்தது. மார்ச்சில் மார்த்தா கூப்பிட்டாள். குழந்தைகளுக்கான துப்பறியும் படம். தியேட்டருக்கு வராது, நேரே டிவிடியாக, செய்தித்தாளோடு சேர்த்துக் கடைகளில் விற்பார்கள். அதில் அவருக்கு ஆமை வேடம். தபால் நிலையத்தை நடத்தும் ஆமை. முப்பத்தெட்டு வசனம். அவர் வாழ்நாளில் அத்தனை வசனம் கிடைத்ததில்லை.

படம் வெளிவரும்வரை திருடன் யார் என்று வெளியே சொல்லக் கூடாது என்று மார்த்தா எல்லாரிடமும் சொல்வதுபோல அவரிடமும் சொன்னாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஜெலிமிர் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார். அதற்குக் காரணம் நெவெங்காதான்.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள் அவள்; வீட்டில் துப்பறியும் கதை என்றால் உயிர். எந்தப் புத்தகமானாலும் நாற்பதாம் பக்கத்தில் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள். தனக்குள் வைத்துக்கொண்டால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே தொடரைப் பார்க்கிற ஜெலிமிரிடம், "தோட்டக்காரன்தான், பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள். நாற்பத்து நான்கு வருடத் திருமண வாழ்க்கையில் ஒரே ஒரு கொலையைக்கூட அவர் கடைசிவரை தெரியாமல் பார்த்ததில்லை. இப்போது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

மூன்று மாதமாக அவள் எல்லா வழியிலும் முயன்றாள். சூப் ஊட்டும்போது கேட்டாள். ஊசி போட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது காதருகே குனிந்து கேட்டாள். கதையை அவர் தாராளமாகச் சொன்னார். கடலோர ஊர் ஒன்றில் துறைமுகத்து மணி காணாமல் போகிறது. முள்ளெலி அக்காவும் தம்பியும் துப்பறிகிறார்கள். மீன் விற்கும் பூனை, கடிகாரம் பழுதுபார்க்கும் அகழான் எலி, கப்பல் தலைவனான கடற்காகம், தபால் ஆமை என்று நான்கு பேர்மேல் சந்தேகம். அதற்குமேல் ஒரு சொல் வராது. பூனைதானே என்று அவள் கேட்பாள். இருக்கலாம் என்பார். அப்படியென்றால் பூனை இல்லை என்பாள். இல்லாமலும் இருக்கலாம் என்பார்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அவளுக்குச் சலித்துவிட்டது. ஜூனில் டிவிடி வரும்போது தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் ஜூன் என்ற சொல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அவர் சற்று நேரம் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஜூன் வரைக்கும் நான் இருந்தாகணும்," என்றார். "திருடன் யாருன்னு தெரியும்போது உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்ல."

டிவிடி கடைக்கு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. மார்த்தா இன்று காலையே ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்தாள். திரும்பிப் போகும்போது, வாசலில் நின்று நெவெங்காவிடம் மட்டும் சொன்னாள்: ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மூச்சு வாங்கியது, அதை வெட்டிவிடலாமா என்று அவரே கேட்டார், ஆமைதானே, இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டோம்.

நான்கு மணிக்கு வலி மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் தூங்கிவிடுவார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். படம் முடியட்டும் என்றார் ஜெலிமிர். நெவெங்கா சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வலிக்கவில்லையா என்று கேட்டாள். வலிக்கிறது என்றார். அவள் குப்பியை அலமாரியில் வைத்துவிட்டுப் பலாச்சின்கே வார்க்கப் போனாள். மெல்லிய அப்பங்களில் ஆப்ரிகாட் ஜாம் தடவிச் சுருட்டிச் சுருட்டி அடுக்கினாள். நாற்பது அப்பம் ஆனது.

நாலரை மணிக்குக் கட்டடத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் வந்து கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் கீழ்த்தளத்து விதா, ஒன்பது வயது. அவள் தங்கை லேனா ஐந்து வயதுக்காரி, எல்லாரையும்விடச் சின்னவள். ஜெலிமிர் தாத்தா படத்தில் பேசியிருக்கிறார், அது கடைக்கு வரும் அடுத்த வியாழன்வரை திருடன் யார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருந்தது. யாராகப் பேசியிருக்கிறார் என்று சொல்லவில்லை. நெவெங்கா கட்டிலின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பிக் குழந்தைகளின் முகங்களைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி குழந்தைகளை.

மணி காணாமல் போன காட்சியிலேயே பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். மூன்றாம் மாடி இரட்டையர்கள் கடற்காகம்தான் என்றார்கள், அதன் கண்ணே சரியில்லையாம். மற்றவர்கள் பூனை. நெவெங்கா தன் வயதை மறந்து பூனைக் கட்சியில் சேர்ந்தாள். பூனையின் கடைக்குப் பின்னால் பூட்டிய அறை ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா என்று குழந்தைகளுக்கு எடுத்துக்கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிலிலிருந்து மெல்லிய இருமல் ஒன்று வந்தது. அது இருமல் இல்லை, சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

ஆமை தபால் மூட்டையோடு சாலையைக் கடந்துபோய், முள்ளெலிகளிடம் நின்று நலம் விசாரித்தது. பேசுவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொண்டது. விதா சட்டென்று திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

"ஆமைதான் தாத்தா," என்றாள். "மாடிப்படி ஏறி வந்தா தாத்தா இப்படித்தான் மூச்சு விடுவாரு."

ஜெலிமிர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து நெவெங்காவே அசந்துபோனாள்.

விதா பிறகு தன் தீர்ப்பைச் சொன்னாள். ஆமை தாத்தாவாக இருப்பதால் ஆமை திருடனாக இருக்க முடியாது. ஆகவே சந்தேகப்பட மூன்று பேர்தான் பாக்கி. எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. நெவெங்காவுக்கும்.

கடைசிக் காட்சியில் முள்ளெலித் தம்பி ஊர்க்காரர்களையெல்லாம் துறைமுகத்தில் கூட்டி நிறுத்தினான். பூனையின் அருகில் போனான், பூனை வெளிறியது. இரட்டையர்கள் தலையில் கைவைத்தார்கள். பூனையைத் தாண்டிப் போனான். அகழானைத் தாண்டினான். கடற்காகத்தைத் தாண்டினான். ஆமையின் முன்னால் போய் நின்று, தயவுசெய்து மூட்டையை இறக்கிவையுங்கள் ஐயா என்றான். ஆமை நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. மூட்டையை இறக்கியது. துணி விலகியதும் உள்ளே மணி இருந்தது.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் கட்டில் பக்கம் திரும்பினார்கள். தாத்தா திருடிவிட்டார் என்று யாரோ கத்த, லேனா எழுந்து கட்டிலருகே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ஏன் திருடினீர்கள் என்று அவள் கேட்டாள். அவளுக்குக் கோபத்தில் கண்ணே கலங்கியிருந்தது.

அவர் ஆமையாகவே பதில் சொன்னார். திரையில் ஆமை சொன்னதும் அதுதான். ஆனால் பிள்ளைகள் கட்டிலைத்தான் கேட்டார்கள். மணிக்குள்ளே தகைவிலான் குருவி கூடு கட்டியிருந்தது. குஞ்சுகளுக்குக் கண் திறக்கவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு மணியை நூறு தடவை அடிக்கப் போகிறார்கள். சொன்னால் கேட்பார்களா என்று தெரியவில்லை. அதனால் கழற்றி முதுகில் வைத்துக்கொண்டேன். குஞ்சுகள் பறந்ததும் திருப்பி மாட்டிவிடலாம் என்றிருந்தேன். என்னை யார் பார்க்கப்போகிறார்கள்.

லேனா யோசித்தாள். குஞ்சுகள் பறந்துவிட்டனவா என்று கேட்டாள். நான்கும் பறந்துவிட்டன என்றார். அவள் கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஜெலிமிர் இப்போது மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். நெவெங்கா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"மூணு மாசமா என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு," என்றாள். "திருட்டுக் கிழவா."

"நாப்பத்தி நாலு வருஷம்," என்றார் அவர். அதற்குமேல் பேச முடியவில்லை, தோள்கள் குலுங்கின. இவ்வளவு சிரிப்பு அந்த உடம்பில் எங்கே மிச்சமிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மணிக்குள் தகைவிலான் கூடு கட்டாது, தாழ்வாரத்து விட்டத்தில்தான் கட்டும் என்றாள். ஆமை தபால் பட்டுவாடா செய்கிறது, அதை மட்டும் ஒப்புக்கொண்டாயே என்று அவர் கேட்டார். ஷிமே அப்பத் தட்டோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரட்டையர்களில் ஒருவனுக்குத்தான் முதலில் உறைத்தது. படம் முழுக்க ஆமை மூட்டையோடு போய்க்கொண்டே இருந்ததே. அப்படியானால் மணி எல்லார் கண்முன்னாலும்தான் போய்க்கொண்டிருந்ததா? யாருமே பார்க்கவில்லையா? இன்னொரு தடவை போட வேண்டும் என்று ஏழு பேரும் குதித்தார்கள். நெவெங்கா மருந்துக் குப்பியைப் பார்த்தாள். ஜெலிமிர் தலையசைத்தார்.

"போடு," என்றார். "மொத தடவை இவங்க மூஞ்சியப் பாக்கவே சரியாப் போச்சு. நான் இன்னும் படம் பாக்கல."

அவள் தலையணைகளைச் சரிசெய்து அவர் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிவைத்தாள். உதட்டை ஈரத்துணியால் நனைத்தாள். பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள், முழங்கால்வரை குளிர்ந்திருந்தது. உயிரியல் படித்தவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டு, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை பிள்ளைகள் கதையைப் பார்க்கவில்லை, ஆமையைத்தான் தேடினார்கள். முதல் காட்சியிலேயே, பேர் போடும்போது, தூரத்துச் சாலையில் ஒரு புள்ளியாக ஆமை போய்க்கொண்டிருந்தது. மணி போகுது, மணி போகுது என்று கத்தினார்கள். ஒன்று. பூனையை விசாரிக்கும்போது சன்னலுக்கு வெளியே போனது. இரண்டு. ஒவ்வொரு முறை ஆமை வரும்போதும் ஜெலிமிர் அவள் விரலை ஒருதடவை அழுத்தினார். பெருமையில் அழுத்துகிறார் என்று புரிந்தது. மூன்று. நான்கு. அகழானின் கடையில் எல்லாரும் கடிகாரங்களுக்குள் மணியைத் தேட, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆமை மூட்டையை இறக்கி இளைப்பாறி மறுபடி தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஐந்து. ஆறாவதுக்கு அழுத்தம் லேசாக இருந்தது.

ஏழாவது தடவை ஆமை வந்தபோது அவர் அழுத்தவில்லை.

அவள் சற்றுப் பொறுத்தாள். திரையில் ஆமை முள்ளெலி அக்காவுக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மூச்சு இழுத்து, இன்னைக்கு வெயில் கொஞ்சம் கடுமைதான் அம்மா என்றது. மறுபடி மூச்சு இழுத்தது. நெவெங்கா குனிந்து கணவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் பாதி திறந்திருந்தன. திரையின் வெளிச்சம் அவற்றில் நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிக்கொண்டிருந்தது. வாய் ஓரத்தில் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. அவள் இன்னொரு கையால் அவர் இமைகளை மூடினாள். முடியை ஒதுக்கிவிடுவதுபோலத்தான் இருந்தது, யாரும் திரும்பவில்லை.

தொலைக்காட்சியின் பொத்தான் நான்கு எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. அவளுக்கு முன்னால் ஏழு முதுகுகள். ஒருவன் அடுத்தவளின் தோளில் சாய்ந்திருந்தான். லேனா அப்பத்தைச் சாப்பிட மறந்து கையில் பிடித்திருந்தாள், ஜாம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. இன்னும் இருபத்தைந்து நிமிடம் படம் இருந்தது.

ஷிமே சமையலறையிலிருந்து இரண்டாவது தட்டைக் கொண்டுவந்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் அவள் மெல்லத் தலையை ஆட்டினாள்: இப்போது வேண்டாம். அவர் தட்டை இறக்கிவைத்தார். எங்கே நிற்பது என்று தெரியாதவர்போலச் சற்று நின்றார். பிறகு தொடையில் கையூன்றிக் கஷ்டப்பட்டுக் குனிந்து, பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டார். கலங்கரை விளக்கின் அடியில் ஆமை தலைகாட்டியதும், "எட்டு," என்று உரக்கச் சொன்னார்.

நெவெங்காவும் எண்ணினாள். ஒன்பது. பத்து. பூனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில் எத்தனையை விட்டுவிட்டோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. பதினொன்றாவது தடவை அந்தக் கள்ள ஆமை நேராக முள்ளெலித் தம்பியிடமே போய், மூட்டையைத் தூக்கிவிடச் சொல்லி உதவி கேட்டது. அவனும் தூக்கி முதுகில் வைத்தான். பிள்ளைகள் தரையைத் தட்டிச் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவில்லை. மடியிலிருந்த கையை ஒருதடவை அழுத்தினாள்.

படம் முடிந்தபோது ஏழரை மணி. பலகணிக்கு வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். தாத்தா தூங்குகிறார், சத்தம் போடாமல் போங்கள் என்று ஷிமே பிள்ளைகளை எழுப்பி அனுப்பினார். அவர்கள் நுனிக்காலில் நடந்து வாசலுக்கு வந்து, குவிந்து கிடந்த செருப்புகளையும் காலணிகளையும் கலைத்துத் தேடி மாட்டிக்கொண்டார்கள். மேல்மாடிக்காரர்கள் மேலே ஓடினார்கள். விதா கீழே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள். லேனாவுக்குக் காலணிக் கயிறு கட்ட வரவில்லை. நெவெங்கா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, சின்னப் பாதத்தை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், தாத்தாகிட்ட சொல்லிடுங்க," என்றாள் லேனா ரகசியமாக. "அடுத்த வியாழக்கெழம வரைக்கும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"என்னத்தை?"

"திருடன் யாருன்னு."

சொல்லிவிடுகிறேன் என்றாள் நெவெங்கா. இரண்டு காலிலும் இரட்டை முடிச்சாகப் போட்டாள். ஜாம் ஒட்டியிருந்த கையைத் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்துவிட்டாள்.

குழந்தை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மாடிப்படி விளக்கு அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் விளக்கு. நெவெங்கா பொத்தானை அழுத்தினாள். அது அணைந்ததும் மறுபடி அழுத்தினாள். கீழ்த்தளத்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை விரலை எடுக்காமல் நின்றிருந்தாள்.